கிளி கோபுரமும் சீமோனின் வீழ்ச்சியும்

வேங்கிக்காலில் குடியிருப்போர்க்கு அண்ணாமலை அன்றாடக் காட்சி. ஏரிக்கரையில் நின்றாலும் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய சாலையில் நடந்தாலும் மலை கூடவே வரும். கோயிலுக்குச் செல்வோர் கிளி கோபுரத்தைக் கடக்கும்போது அண்ணாந்து பார்ப்பதும், உடன்வரும் பிள்ளைகளுக்கு அருணகிரிநாதர் கிளியான கதையைச் சொல்வதும் இவ்வூர் வழக்கம். நாமும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களே.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இக்கதையைச் சொல்லி முடித்தபோது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, செத்த கிளியின் உடம்புக்குள் புகுந்தவர் அருணகிரியார். சம்பந்தாண்டான் கிடந்த உடலை எரிக்கச் சொன்னான், அவ்வளவுதான். இந்த இருவரில் மந்திரவாதி யார்?" வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்து வைத்தோம். ஆனால் விடை நம்மிடம் இல்லை. பின்னர் கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளைப் பற்றி வாசிக்க நேர்ந்தபோது அவள் கேட்ட கேள்வியே அங்கும் எதிர்ப்பட்டது. அவ்வாசிப்பின் பயனாக எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் நம்மூர்க் கதை. பிரபுடதேவ மாராயன் எனத் தமிழ் மரபு குறிக்கும் மன்னன், விசயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயன் என்பர். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதி அவன் காலம். அவனது அன்புக்குரியவனாக இருந்த சம்பந்தாண்டான் தேவி உபாசகன். அருணகிரியாரின் புகழ் பொறாது, தெய்வத்தை நேரில் காட்டுமாறு அறைகூவல் விடுக்கிறான். சம்பந்தாண்டானுக்குத் தேவி தோன்றவில்லை. அருணகிரியார் பாட முருகன் தூணில் காட்சி தருகிறான். கம்பத்து இளையனார் சந்நிதி அந்நிகழ்ச்சியின் நினைவாக நிற்கிறது. காட்சியின் ஒளியால் மன்னன் பார்வை இழக்க, அதனை மீட்க விண்ணுலகப் பாரிசாத மலர் தேவைப்படுகிறது. அருணகிரியார் தம் உடலைக் கோபுரத்தில் கிடத்திவிட்டு, இறந்த கிளியொன்றின் உடலில் புகுந்து பறந்து செல்கிறார். திரும்பி வருவதற்குள், அவர் மாண்டார் எனச் சொல்லிச் சம்பந்தாண்டான் அவ்வுடலை எரித்துவிடுகிறான். புலவர் கிளியாகவே தங்கிவிடுகிறார்.

கூடு விட்டுக் கூடு பாய்தலைச் செய்தவர் அருளாளர்; அதைச் செய்யாதவன் மாந்திரீகன். கதையைச் செயலளவில் மட்டும் நோக்கினால் இப்படித்தான் முடியும். இத்தகைய முரண் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக்கு மணிமேகலா தெய்வம் அளித்த மந்திரங்கள் மூன்று: வான்வழிச் செல்லுதல், வேற்றுருக் கொள்ளுதல், பசியைப் போக்குதல். காயசண்டிகையின் உருவை அவள் எடுத்ததால் உதயகுமரன் வெட்டுண்டு இறக்கிறான். ஓர் உயிர் போயிற்று. ஆயினும் அவளைச் சூனியக்காரி என எவரும் அழைத்ததில்லை. அவள் அறச்செல்வி. ஆகவே வித்தையைக் கொண்டு மட்டும் வித்தைக்காரனை இனங்காண முடியாது என்பதைத் தமிழ் வாசகன் முன்னரே அறிவான்.

இனி மத்தியதரைக் கடற்கரைக்குச் செல்வோம். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் சமாரியா நாட்டுச் சீமோன் வருகிறான். தன் வித்தையால் ஊரையே வியக்க வைத்தவன். தேவனுடைய பெரும் ஆற்றல் இவனே என்று மக்கள் நம்பினர். பிலிப்பு அங்கே போதிக்கச் சீமோனும் நம்பித் திருமுழுக்குப் பெறுகிறான். பின்னர் பேதுருவும் யோவானும் வந்து, தலைமேல் கை வைத்துத் தூய ஆவியை அருளக் கண்டு, அந்த ஆற்றலைத் தனக்கும் தருமாறு பணத்தை நீட்டுகிறான். பேதுரு கடிந்துகொள்கிறார். திருச்சபைப் பதவிகளை விலைபேசும் குற்றத்துக்குச் 'சிமோனி' எனும் பெயர் ஐரோப்பிய மொழிகளில் இவனால் வந்தது. தாந்தே தம் நரகத்தில் அக்குற்றம் புரிந்த திருத்தந்தையரைக் குழிகளில் தலைகீழாக நட்டு வைத்தார்.

அதே நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இன்னொருவன் உண்டு. சைப்பிரசுத் தீவின் பாப்போவில் ஆளுநர் செர்கியு பவுலின் அருகில் இருந்த எலிமா. பவுல் அவனைச் சபிக்க, அவன் கண் தெரியாதவனாகிறான். இங்கே பார்வையைப் பறிப்பவர் அருளாளர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மொழியாசிரியனாகிய நமக்குச் சுவையாகப்பட்டது பிறிதொன்று. எலிமாவைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மாகோஸ்'. பாரசீகக் குருக்குலத்தாரைக் குறித்த சொல் கிரேக்கத்துக்குள் வந்து, காலப்போக்கில் மந்திரக்காரன் என்றும் பொருள்பட்டது. குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து விண்மீன் வழிகாட்ட வந்தவர்களையும் மத்தேயு இதே சொல்லின் பன்மையால்தான் குறிக்கிறார். சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களைச் 'சாஸ்திரிகள்' என்கிறது. கத்தோலிக்க வழக்கில் அவர்கள் 'ஞானிகள்'. எலிமாவோ 'மாயவித்தைக்காரன்'. மூலத்தில் ஒரே சொல். தமிழில் ஒருவருக்குச் சாத்திரம், ஒருவருக்கு ஞானம், ஒருவருக்கு மாயம். மொழிபெயர்த்தோர் தவறிழைத்தார் என்பதல்ல நம் கருத்து. இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். ஆனால் வணங்க வந்தவன் ஞானி, எதிர்க்க வந்தவன் மாயக்காரன் எனும் தீர்ப்பு அச்சொற்களுக்குள் உறைந்து கிடக்கிறது.

சீமோனின் கதை விவிலியத்தோடு முடியவில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. கி.பி. 150ஐ ஒட்டி உரோமில் எழுதிய யுஸ்தின், தைபர் ஆற்றின் தீவில் சீமோனைத் தெய்வமாகப் போற்றும் சிலையொன்று நிற்பதாகக் குறித்தார். 1574இல் அத்தீவில் ஒரு பீடம் கிடைத்தது. அதில் பொறிக்கப்பட்டிருந்தது 'செமோ சாங்குஸ்' என்னும் பழைய இத்தாலியத் தெய்வத்தின் பெயர். செமோவைச் சீமோன் என யுஸ்தின் படித்துவிட்டார் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. சுமார் கி.பி. 180இல் எழுதிய இரேனேயு, எல்லாப் பிறழ்நெறிகளுக்கும் தந்தை சீமோனே என்றார். அவன் பெயரால் வழங்கிய நூலொன்றின் பகுதிகள் நமக்கு எஞ்சியிருக்கின்றன. அவையும் அவனை மறுக்கப் புகுந்தவரின் ஏட்டில் மேற்கோளாகவே எஞ்சின. தோற்றவனின் குரல் வென்றவனின் நூலுக்குள் மட்டும் கேட்பது எந்நாட்டு வாத வரலாற்றுக்கும் பொது.

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த 'பேதுருவின் நடபடிகள்' எனும் புறநூலில் இருவரும் உரோமில் மோதுகின்றனர். நாய் மனிதக் குரலில் பேசுகிறது. சாளரத்தில் தொங்கிய கருவாடு குளத்தில் நீந்துகிறது. இரண்டையும் செய்தவர் பேதுரு. சீமோன் வானில் பறக்கிறான். பேதுரு வேண்டிக்கொள்ள, விழுந்து கால் மூன்றிடத்தில் முறிந்து, பின் இறக்கிறான். பிற்காலப் பிரதிகளில் இப்போட்டி நீரோ மன்னனின் முன்னிலைக்கு மாறுகிறது. மன்னன், அவையில் இருவர், தெய்வம் யார் பக்கம் என்னும் கேள்வி, ஒருவனின் வீழ்ச்சி. திருவண்ணாமலைக்காரருக்கு இது கேட்ட கதையாகத்தானே தோன்றும்? அனல்வாதமும் புனல்வாதமும் படித்தவர்க்கும் அப்படியே. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நாம் சொல்லவில்லை. அரசனை வென்றெடுக்க வேண்டியிருந்த சமயங்கள் யாவும் இவ்வடிவத்தைத் தாமே கண்டடைந்தன எனலாம்.

குற்றச்சாட்டு ஒரு பக்கமாக மட்டும் பாயவில்லை. இயேசு எகிப்தில் மந்திரம் கற்றுத் திரும்பியவர் என்று கிரேக்க அறிஞர் செல்சஸ் இரண்டாம் நூற்றாண்டில் எழுதினார். அதனை மறுத்து ஒரிகன் எட்டுப் பகுதிகள் கொண்ட நூல் இயற்றினார். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரிய மொழியில் எழுந்ததாகக் கருதப்படும் 'தோமாவின் நடபடிகள்' நம் நாட்டில் நிகழ்வதாக அமைந்த கதை. அதில் மந்திரவாதிப் பட்டம் சுமப்பவர் தோமாவே. குந்தபோர் மன்னன் அரண்மனை கட்டக் கொடுத்த பொன்னைத் தோமா ஏழைகளுக்கு வழங்கிவிடுகிறார். இவன் மந்திரக்காரனாக இருக்கக்கூடும் என்று மன்னனிடம் சொல்லும் நண்பர்களே, ஆயினும் கூலி பெறாமல் நோய் தீர்க்கிறானே என்றும் தயங்குகின்றனர். பணம் நீட்டிய சீமோனையும் பணம் தொடாத தோமாவையும் அருகருகே வைத்தால், தொடக்கக் கிறித்தவம் கையில் வைத்திருந்த அளவுகோல் புலப்படும். அற்புதத்துக்கு விலை இல்லை. மாயத்துக்கு விலை உண்டு.

அந்நூலின் இறுதிப் பகுதியில் மஸ்தை எனும் மன்னனின் நாடு வருகிறது. அரச உறவினன் காரீசியுவின் மனைவி மிக்தோனியா தோமாவின் போதனை கேட்டு இல்லற வாழ்வைத் துறக்கிறாள். என் மனைவியை மந்திரத்தால் மயக்கிவிட்டான் என்று கணவன் மன்னனிடம் முறையிடுகிறான். தோமா மலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, வீரர் நால்வரின் ஈட்டிகளால் மடிகிறார். நூலில் மயிலாப்பூரின் பெயர் இல்லை. எனினும் மரபு அம்மலையைச் சென்னைப் பரங்கிமலையாகக் கொண்டது. குந்தபோரைக் கற்பனைப் பாத்திரம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிய மண்ணிலும் பஞ்சாபிலும் கிடைத்த காசுகள் அப்பெயருடைய அரசன் வடமேற்கில் ஆண்டதை உறுதிப்படுத்தின.

இக்கதை ஏறத்தாழ அப்படியே தமிழ் மண்ணில் மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை நாளும் ஊரும் உறுதியாகத் தெரிந்த வரலாறாக. 1647இல் இலிசுபனில் பிறந்து, தமிழ்நாட்டில் அருளானந்தர் எனப்பட்ட ஜான் டி பிரிட்டோ, மறவர் சீமையில் போதித்தார். நோயுற்றிருந்த தடியத்தேவர் குணமடைந்து கிறித்தவரானார்; ஒரு மனைவியைத் தவிர மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி இரகுநாத கிழவன் சேதுபதியின் உறவினள். அவள் அரண்மனைக்குச் சென்று முறையிட்டாள். மிக்தோனியாவின் கதையில் கணவன் அழுதான். இங்கே மனைவி அழுதாள். அருளானந்தரின் மந்திரத்துக்குச் சேதுபதி அஞ்சினார் என்றும், அவரை ஒழிக்க மந்திரவாதிகளைக் கொண்டு பூசை செய்வித்தார் என்றும், அது பலிக்கவில்லை என்றும் இயேசு சபையாரின் கடிதங்கள் கூறும். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் வெட்டுண்டார். 1947இல் உரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. ஓரியூரின் செம்மணல் இன்றும் பக்தர்களால் நோய்க்கு மருந்தாக எடுத்துச் செல்லப்படுகிறது. அரண்மனைக்கு மந்திரக்காரர், அடியாருக்குப் புனிதர். விலக்கப்பட்ட பெண்ணின் துயரம் மட்டும் இரு கணக்கிலும் சேரவில்லை.

மந்திரவாதியைப் புனிதரிடமிருந்து பிரிக்க மறுத்த மரபும் உண்டு. அது மலைக்கு மேற்கே இருக்கிறது. கடமற்றத்துக் கத்தனார் கேரளச் சிரியக் கிறித்தவக் குருவானவர். மலைவாழ் மக்களிடம் மந்திரம் கற்று வந்தவர் என்பது கதை. கொட்டாரத்தில் சங்குண்ணி எழுதிய 'ஐதிஹ்யமாலா'வால் இவர் கதை எங்கும் பரவியது. பத்மநாபபுரம் வழியில் ஆட்களை மயக்கிக் கொன்ற யட்சியிடம், அவள் சுண்ணாம்பு கேட்டபோது, இரும்பாணியின் நுனியில் வைத்து நீட்டி வசப்படுத்தினார். பின்பு ஆணியைத் தலையில் அறைந்து வேலைக்காரியாக்கினார். பேன் பார்த்த கிழவி ஒருத்தி இரக்கப்பட்டு ஆணியைப் பிடுங்க, யட்சி தப்பினாள். பத்மநாபபுரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டு நீலியையும் இவர் அடக்கினார் என்பர். நாஞ்சில் நாட்டு இசக்கிக்கும் அவளுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியதில்லை.

இக்கதையின் பின்னணியில் வரலாறு ஒன்றுண்டு. கடமற்றத்துத் தேவாலயத்தில் பகலவி எழுத்துப் பொறித்த பாரசீகச் சிலுவை இருக்கிறது. 1547இல் பரங்கிமலையில் கிடைத்த சிலுவையும் அவ்வகையினதே. பாரசீகத் திருச்சபையோடு இருந்த தொடர்பின் சான்றுகள் இவை. மாகோஸ் எனும் சொல் பிறந்த நாட்டிலிருந்து வந்த சிலுவையின் நிழலில்தான் இக்குருவானவரின் கதை வளர்ந்தது. 1599 ஜூனில் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், சிரியக் கிறித்தவர் வைத்திருந்த நூல்கள் பலவற்றைத் தடைசெய்தது. அவற்றுள் 'பாரிஸ்மான்' அல்லது பாரசீக மருத்துவம் என்ற நூலொன்று. சூனிய வித்தைகள் நிறைந்தது என்பது அதன்மேல் சாட்டப்பட்ட குற்றம். அத்தகைய ஏடுகளை எரிக்கச் சங்கம் ஆணையிட்டது. ஏடு எரிந்தது, கத்தனார் எரியவில்லை. மந்திரம் தெரிந்த பாதிரியார் ஊருக்குத் தேவைப்பட்டார்.

பின்னாளில் இவர்கள் யாவரும் மேடைக்கும் திரைக்கும் வந்தனர். 1587இல் அச்சான ஃபாஸ்ட் கதை நூலுக்குப் பின்னால் சீமோனின் நிழல் இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சீமோனுடன் சுற்றியவள் பெயர் எலேனா, ஃபாஸ்ட் வரவழைக்கும் அழகியும் எலேனாவே. 1954இல் 'தி சில்வர் சாலிஸ்' என்ற ஆலிவுட் படத்தில் ஜாக் பாலன்ஸ் சீமோனாகத் தோன்றி, கோபுரத்திலிருந்து பறக்க முயன்று விழுந்தார். அதற்கு மூன்றாண்டு முன் 'பாதாள பைரவி'யில் எஸ். வி. ரங்காராவ் ஏற்ற நேபாள மந்திரவாதியைத் தமிழகம் கண்டிருந்தது. 1964இல் டி. எம். சௌந்தரராஜன் அருணகிரிநாதராக நடித்தார். கத்தனார் கலாநிலையம் நாடகத்திலும், 1966, 1984 ஆண்டுகளின் மலையாளப் படங்களிலும், 2004இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரிலும் வந்தார். 2025இல் வெளியான 'லோகா' படத்திலோ கள்ளியங்காட்டு நீலியே நாயகி. ஆணி அறையப்பட்டவள் கதையின் நடுவே வந்து நிற்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

திரையில் மந்திரவாதி வேடிக்கை. தெருவில் அப்படியில்லை. இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை.

வேங்கிக்காலில் நம் தெருமுனையில் இட்லி சுட்டு விற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் காலை தெருவில் ஒரு வீட்டு வாசலில் குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழம் கிடந்தது. அவ்வீட்டுக் குழந்தைக்கு அந்த வாரம் காய்ச்சல். மை போட்டுப் பார்த்ததில் 'தனித்த கிழவி' என்று வந்ததாம். யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. இட்லி வாங்குவதை நிறுத்தினர், அவ்வளவே. வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்று நாமும் நிறுத்தினோம். மணிமேகலையின் மந்திரங்களைக் கல்லூரியில் விளக்கிவிட்டு, அந்தத் தெருமுனையை விரைந்து கடந்து சென்றோம். மூன்று மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். போகும் நாளில் நம் வாசலில் நின்று, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா சாமி?" என்று கேட்டார். தலையை மட்டும் அசைத்தோம்.

சூனியக்காரி எனப் பட்டம் சூட்டுவதைக் குற்றமாக்கிப் பீகார் 1999இல் சட்டம் இயற்றியது. 2013இல் நரேந்திர தபோல்கர் கொலையுண்ட பின் மகாராட்டிரம் நரபலிக்கும் அகோரிப் பழக்கங்களுக்கும் எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. சட்டங்கள் வேண்டியவையே. ஆனால் இட்லி வாங்காமல் இருப்பதை எச்சட்டமும் தண்டிக்காது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். இருவரில் மந்திரவாதி யார்? ஒருவரின் செயலில் அதற்கு விடை கிடையாது என்பதை மணிமேகலையும், கருவாட்டை நீந்தவிட்ட பேதுருவும், கிளியான அருணகிரியாரும் காட்டுகின்றனர். கூலி வாங்குகிறாரா என்று பார்த்த குந்தபோரின் நண்பர்கள் ஓரளவு நெருங்கினர். ஆனால் பெரும்பாலும் அப்பட்டத்தைத் தீர்மானிப்பது, கதை யார் வாயில் இருக்கிறது என்பதே. தோமாவின் கதை காரீசியுவிடம் இருந்தவரை அவர் மந்திரவாதி. அடியாரிடம் வந்தபின் அப்போஸ்தலர். சம்பந்தாண்டானுக்கு அடியார் இல்லை. சீமோனுக்கு இருந்தவர்களும் மறைந்தனர். அந்த மூதாட்டிக்கு யாருமே இல்லை.

சீமோன் பறந்து விழுந்ததை உலகம் ஓவியமாகவும் படமாகவும் பார்த்துவிட்டது. விவிலியத்தில் அவனுடைய கடைசிச் செயல் அதுவன்று. பேதுரு கடிந்துகொண்டபின், நீர் சொன்ன தீங்கு எனக்கு நேராதபடி எனக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிறான். அதற்குப் பேதுரு சொன்ன மறுமொழி எதுவும் அங்கே எழுதப்படவில்லை. அடுத்த வரியில் அப்போஸ்தலர்கள் ஊர் திரும்பத் தொடங்கிவிடுகின்றனர்.

அவ்வதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நம் வாசற்படி நினைவுக்கு வருகிறது. சௌக்கியமா என்று கேட்டவர்க்கு, நீங்கள் சௌக்கியமா அம்மா என்று ஒரு சொல் திருப்பிக் கேட்டிருக்கலாம்.